தூக்கினவர் சாயல்

எங்கள் ஆலடிக்குளம் வடக்குத் தெருவில் பிறக்கிற எந்தப் பிள்ளையையும் பிறந்த அன்றைக்கே ஊரார் கூறு போட்டுவிடுவார்கள். மூக்கு அப்பன் வீட்டு மூக்கு, காது ஆத்தா வீட்டுக் காது, கால் கட்டைவிரல் செத்துப்போன பெரியப்பாவின் கட்டைவிரல் என்று ஆளாளுக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போக, கடைசியில் பிள்ளைக்கென்று மிஞ்சுவது அழுகை மட்டும்தான். அதனால், சங்கரபாண்டிக்கும் உலகம்மாளுக்கும் ஆடி மாதம் பிறந்த பெண்குழந்தை, யார் தூக்குகிறார்களோ அவர்கள் முகமாகவே மாறியபோது எங்களில் யாரும் மலைத்துப்போய் நிற்கவில்லை. இத்தனை வருஷமாக நாங்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இந்தப் பிள்ளை செய்து காட்டுகிறது, சமர்த்துப் பிள்ளை என்றுதான் நினைத்தோம்.

முதலில் தூக்கியது நர்சம்மா. துடைத்துச் சுற்றிக்கொண்டுவந்து வராந்தாவில் நீட்டியபோது துணிக்குள் இருந்தது அசல் நர்சம்மாவின் முகம், மேலுதட்டு மச்சம் உட்பட. சங்கரபாண்டி வாங்கினான், முகம் சங்கரபாண்டி ஆனது. அவனுடைய அக்கா பூமாரி அவன் கையிலிருந்து பிடுங்கினாள், பூமாரி ஆனது. பூமாரிக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், பிள்ளையில்லை, புருஷன் வீட்டில் இருந்ததைவிடத் தம்பி வீட்டில் இருந்த நாள்தான் அதிகம். தன் சப்பை மூக்கையும் ஏறின நெற்றியையும் உள்ளங்கை அகல முகத்தில் பார்த்ததும், "எந் தம்பி பிள்ள என்னைய உரிச்சி வச்சிருக்குல்லா!" என்று ஆஸ்பத்திரியே அதிரக் கத்தி, அழுது, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் காட்டினாள். உள்ளே கட்டிலில் கிடந்த உலகம்மாளின் கைக்குப் பிள்ளை வந்து சேர்வதற்குள் பதினோரு பேருடைய முகம் வந்து போயிருந்தது.

நான் அந்தத் தெருவின் அங்கன்வாடி டீச்சர், பெயர் ராசகனி. பிள்ளைகளுக்கு எடை போடுவதும் சத்துமாவு கொடுப்பதும் பதிவேட்டில் எழுதுவதும் என் வேலை. மூன்றாம் நாள் போய் எடை போட்டேன், மூன்று கிலோ நூறு, குறை ஒன்றுமில்லை. தூக்கினவர் முகம் வரும், அடுத்தவர் தூக்குகிறவரை அது இருக்கும், தொட்டிலில் போட்டாலும் கடைசியாகத் தூக்கினவர் முகத்தோடுதான் தூங்கும், அவ்வளவுதான் விஷயம். பதிவேட்டில் 'இதர குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் 'நலம்' என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

தெரு அந்தக் குழந்தைக்குப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். மின்சாரம் போனால் விசிறி எடுப்பது மாதிரி, தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு அடுத்த தெருவுக்குப் போவது மாதிரி, அவ்வளவு சாதாரணமாக, விடிந்ததும் ஆட்கள் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பால்காரர் செல்லையாவுக்கு அவருடைய அம்மா முகம் அப்படியே. அந்த அம்மா இறந்து முப்பது வருஷம், போட்டோ கிடையாது. அவர் பால் கேனை இறக்கி வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கி, "எம்மா, சொகமா இருக்கியா" என்று கேட்பார், குழந்தை பொக்கை வாயால் சிரிக்கும், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார். கல்யாணம் தட்டிப்போய்க்கொண்டே இருந்த பெண்கள் வந்து, நமக்கொரு பிள்ளை பிறந்தால் எப்படி இருக்கும் என்று தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர், யார் முகம் அப்பா முகம் என்று தீர்த்துக்கொள்ள வந்து, இரண்டு முகமும் ஒன்றேபோல் இருந்ததில் இன்னும் கோபமாகித் திரும்பினார்கள். ஆதார் எடுக்கப் போன இடத்தில், படம் பிடிக்கிறவர் குழந்தையை நிமிர்த்தி உட்காரவைக்கத் தூக்கியதால், அட்டையில் அவர் முகமே பதிந்து வந்தது, ஆளுக்கு அது ரொம்பப் பெருமை. நாளடைவில் ஒரு முறை வந்துவிட்டது. வயசாளிகளுக்குக் காலை, வேலைக்குப் போகிறவர்களுக்கு சாயங்காலம், வெளியூர்க்காரர்களுக்கு ஞாயிறு. பிள்ளை பாலுக்கு அழுதால், "இரு, இந்தா இவா மட்டும் ஒரு தடவ பாத்துக்கிடட்டும்" என்பார்கள். உலகம்மாளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. தாயையும் தகப்பனையும் இழந்து திருப்பூர் அண்ணன் தயவில் வளர்ந்தவள், தலைப்பிரசவத்துக்குப் போக ஒரு வீடில்லாமல் புருஷன் வீட்டிலேயே இருந்து பெற்றவள், அவளிடம் என்ன கேட்பது என்றுதான் எல்லோரும் இருந்தோம்.

இவர்களையெல்லாம் சொல்கிற நான் மட்டும் யோக்கியமில்லை. எனக்குச் செல்வராணி என்று ஒரு தங்கை இருந்தாள். இரட்டை என்று சொல்லும்படி என் முகம்தான் அவளுக்கும். பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள், உலகம்மாள் வரைக்கும் தெருவுக்கே அந்தக் கதை தெரியும். எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு, என் முகத்தில் அவளைப் பார்க்க முடியாதபடிக்கு வயசு மூடிவிட்டது, ஆனால் நான் தூக்கினால் அந்தக் குழந்தையின் முகத்தில் சுருக்கமில்லாமல், காமாலை இல்லாமல், செல்வராணி வந்து உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்ப்பாள். மாதம் ஒரு தடவை போட வேண்டிய எடையை நான் வாரம் ஒரு தடவை போட்டேன்.

அப்படி ஒரு புதன்கிழமை போனபோதுதான் உலகம்மாள் என்னிடம் அதைச் சொன்னாள். பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மடியில் அவளுடைய முகமே கண்ணை மூடி அவள் மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்கு என்ன பேரு வைக்கப் போற உலகு? ரெண்டு மாசமா 'பாப்பா'ன்னே எழுதிட்டிருக்கேன், சூப்பர்வைசரம்மா சத்தம் போடுதாவ," என்றேன்.

"மூஞ்சியப் பாக்காம எப்படி டீச்சரக்கா பேரு வைக்க?" என்றாள்.

"தெனமும் பாத்துட்டுத்தான இருக்க?"

"இது என் மூஞ்சில்லா. நான் கண்ணாடில பாத்துக்கிட மாட்டனா? காலையில எந்திரிச்சதும் பூமாரி மதினி மூஞ்சி, குளிப்பாட்டயில குளிப்பாட்டுதவங்க மூஞ்சி, பால் குடிக்கயில என் மூஞ்சி. எனக்கு நானே பால் கொடுக்க மாதிரி இருக்குக்கா, சில நேரம் கொமட்டிக்கிட்டு வருது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு விஷயம் சொல்லுதேன், யார்ட்டயும் சொல்லாதிய. யாரும் தூக்காம ரொம்ப நேரம் கெடந்தா அது கலையுதுக்கா. போன வாரம் மதினி ரேசன் கடைக்குப் போயிருந்தாவ, நான் கதவத் தாப்பாப் போட்டுட்டு தொட்டில் பக்கத்துல ஒக்காந்தே கெடந்தேன். ஒரு மணி நேரம் ஆச்சு. நெத்தி வந்துச்சு. எங்க யாருக்கும் இல்லாத நெத்தி. அப்புறம் ஒரு புருவம் வந்துச்சு, இடது புருவம். அதுக்குள்ள மதினி வந்து கதவத் தட்டி, பிள்ள முழிச்சி, ஓடி வந்து தூக்கிட்டாவ." பிள்ளையை மறு மார்புக்கு மாற்றினாள். "ஒரே ஒரு தடவ முழுசாப் பாத்துட்டம்னா போதும். அதுக்கப்புறம் யார் தூக்குனா எனக்கென்ன."

நான் சரி சரி என்று தலையாட்டினேன். கிளம்பும்போது, எடைபோட வேண்டுமே என்று குழந்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அணைக்கட்டுக்குப் போகும். மாசம் முழுக்கக் கறி தின்னாமல் செத்த நாக்கும், வெயில் தாழ்ந்து மழை பிடிக்காத அந்த நாலைந்து நாளும் சேர்ந்து ஆட்களை வீட்டில் இருக்க விடாது. இரண்டு வேன் பிடித்து, முதல் நாளே மசாலா அரைத்து, அண்டா குண்டானோடு போய், மலையடியில் மருத மரங்களுக்குக் கீழே அடுப்புக் கூட்டிக் கறிச்சோறு ஆக்கித் தின்று, ஆற்றில் குளித்து, திரும்பும் வழியில் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு வந்து சேருவது வழக்கம். அந்த வருஷம் குழந்தைக்கும் அது முதல் பயணம் என்பதால் இரண்டு வேன் மூன்று வேன் ஆகிவிடுமோ என்று பயப்படும்படி கூட்டம் வந்தது. எல்லோருக்கும் மலையையும் தண்ணீரையும் பின்னால் வைத்துக் குழந்தையோடு போட்டோ எடுக்க ஆசை.

அன்றைக்கு முழுக்க அந்தப் பிள்ளை தரையைப் பார்க்கவில்லை. கையிலிருந்து கைக்கு, இடுப்பிலிருந்து தோளுக்கு, அடுப்படியிலிருந்து ஆற்றங்கரைக்கு அது போய்க்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் செல்லையாவின் அம்மாவாகச் சிரித்தது, மறுபக்கம் வேன் டிரைவராக விழித்தது, படித்துறையில் யாரோ ஒருத்தியின் சித்தியாக அழுதது. உலகம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அது போகிற திசையெல்லாம் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். இரண்டு தடவை எழுந்து போய்ப் பால் கொடுத்தாள், இரண்டு தடவையும் பின்னாலேயே வரிசை வந்து நின்றது. சாப்பாடு முடிந்ததும் பூமாரி அவளைப் பார்த்து, "ஏட்டி, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு, நீ பின்னால வேன்ல ஏறி அண்டா ஏனத்துப் பக்கத்துல செத்த நேரம் கண் அசரு. பிள்ளைய நாங்க முன்னால வேன்ல கொண்டுட்டு வாரோம்," என்றாள். அதில் ஒரு பிரியமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். உலகம்மாள் மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கால் நீட்டித் தூங்கினாள்.

வேன்கள் கிளம்பின. முக்கால் மணி நேர ஓட்டம், பிறகு கோயில், கோயிலில் ஒரு மணி நேரம். நான் முன் வேனில்தான் இருந்தேன். குழந்தை இல்லாததைக் கவனித்தேன், அம்மாவிடம் இருக்கிறது போலும் என்று இருந்துவிட்டேன். வேனில் இருந்த இருபத்திரண்டு பேரும் அப்படித்தான் இருந்தார்கள். அதுவரை வேனிலேயே தூங்கிக் கிடந்த உலகம்மாள் கோயில் வாசலில் ரவிக்கை நனைந்து மாராப்பை இழுத்து மூடிக்கொண்டு எங்களிடம் வந்து, "மதினி, பிள்ளையக் கொடுங்க, பால் கட்டுது," என்றாள்.

பூமாரி சிரித்தாள். "என்னட்டி, தூக்கக் கலக்கமா? பிள்ள ஒன்கிட்டல்லா இருக்கு."

திரும்பிப் போன அந்த முக்கால் மணி நேரத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். இரண்டு வேனும் திரும்ப, முன் வேனில் நெருக்கி அடைந்துகொண்டு, ஆளாளுக்குக் கையை விரித்துக் காட்டினோம். நான் செல்லையா அண்ணன்கிட்ட கொடுத்தேன் என்றார் ஒருவர். செல்லையா, நான் கீழத்தெருக்கார மருமகளிடம் கொடுத்தேன் என்றார். அவள், நான் டீச்சர்கிட்டல்லா கொடுத்தேன் என்றாள். நான், பூமாரியிடம் கொடுத்தேன் என்றேன், அது உண்மையும்கூட. பூமாரி நெஞ்சில் அறைந்துகொண்டு, கை வலித்தது, மருத மரக் கொப்பில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டேன், வரிசையில் அடுத்த ஆள் எடுத்துக்கிடுவாங்கன்னு நெனச்சேன் என்றாள். சங்கரபாண்டி, "பெத்தவளுக்குப் பிள்ள எங்கன்னு தெரியாண்டாமா, அப்படி என்ன தூக்கம்?" என்று கத்தினான். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் அதற்குத் தலையாட்டினார்கள். உலகம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேன் கதவருகிலேயே நின்றாள். மலைமேல் மேகம் இறங்கிக் கருத்துக்கொண்டு வந்தது.

வேன் நிற்கும் முன்னே அவள் குதித்து ஓடினாள், பின்னால் நான் ஓடினேன், மற்றவர்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். வரிசையில் ஆறாவது மருத மரத்தில் சேலை தொங்கியது, அசையாமல். உலகம்மாள் போய் விளிம்பைப் பிரித்துப் பார்த்தாள். பார்த்தவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றோடொன்று இறுகக் கோத்துக்கொண்டாள்.

நான் பதறிக் கை நீட்டினேன்.

"தொடாதிய டீச்சரக்கா. நல்லாத்தான் இருக்கா. மூச்சு விடுதா, முழிச்சிட்டிருக்கா. தொடாதிய."

எட்டிப் பார்த்தேன். குழந்தை மேலே இலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அதற்கு ஒரு முகம் இருந்தது. அந்த முகத்தை நான் எங்கேயும் கண்டதில்லை, எங்கள் தெருவில் இல்லை, எந்தக் கல்யாணக் கூட்டத்திலும் இல்லை, அது முழுக்க முழுக்க அந்தப் பிள்ளையின் முகமாக இருந்தது. இலையை விட்டுவிட்டு அது தன் தாயைப் பார்த்தது. உலகம்மாள் ஒரு சாண் தூரத்தில் குனிந்து நின்று, தொட்டுவிடாமல் இருக்கக் கையை முறுக்கிக்கொண்டு, தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்த கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல், "நீதானாட்டி," என்றாள், "நீதானா அது, இப்படியா இருக்க நீ," என்றாள், பிறகு எனக்குக் கேட்காத குரலில் ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். ரவிக்கையிலிருந்து பால் சொட்டிச் சேலையில் விழுந்தது.

அவ்வளவு நேரம்தான் கிடைத்தது. சங்கரபாண்டியும் மற்றவர்களும் ஓடி வந்துவிட்டார்கள். அவன் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"இது யாரு பிள்ள?"

பெற்ற தகப்பன் கேட்டான். எல்லோரும் எட்டிப் பார்த்தோம், பார்த்தவர்கள் எல்லாம் அதையே கேட்டார்கள். எந்தச் சாயலும் இல்லையே என்றார்கள். யாரோ மாற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஒருவர், போலீசுக்குச் சொல்லுவோம் என்று ஒருவர், சட்டை நம்ம பிள்ள சட்டைதான, இடுப்புக் கயிறும் அதுதான என்று ஒருவர், சட்டையை வைத்து என்ன சொல்ல முடியும் என்று இன்னொருவர். குழந்தை இவ்வளவு பேரைக் கண்டதும் மிரண்டு அழ ஆரம்பித்தது.

"ஒங்க பிள்ளதாங்க," என்றாள் உலகம்மாள். "இதான் அவ மூஞ்சி. நல்லாப் பாத்துக்கிடுங்க, ஒரு தடவ பாத்துக்கிடுங்க. மதினி, கும்பிடுதேன், இன்னும் ஒரு அஞ்சு நிமிசம்..."

"வெலகுட்டி," என்று அவளை ஒரு கையால் தள்ளிவிட்டுப் பூமாரி குழந்தையை அள்ளித் தூக்கினாள்.

சப்பை மூக்கு வந்தது, ஏறின நெற்றி வந்தது. "நம்ம பிள்ளதான்!" என்று பூமாரி கூவினாள், "எந் தம்பி பிள்ளதான்! எந் தங்கம்தான்!" ஐம்பது பேரும் கை தட்டினார்கள். செல்லையா சாமியைக் கும்பிட்டார். சங்கரபாண்டி தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துச் சிரித்தான், அழுதான். பிறகு அவனும் தூக்கினான், தன் முகத்தைப் பார்த்துத் தைரியமடைந்தான், வரிசையாக எல்லோரும் ஒருமுறை தூக்கி உறுதிசெய்துகொண்டோம். மழை பிடித்துக்கொண்டது, வேனுக்கு ஓடினோம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த முகத்தைப் பற்றியே பேச்சு. கறுப்பு என்றார் ஒருவர், இல்லை மாநிறம் என்றார் இன்னொருவர், ஏதோ ஒரு மாதிரியாகப் பயமாக இருந்தது என்றாள் கீழத்தெரு மருமகள். பேசிப் பேசி, பசியிலும் குளிரிலும் பிள்ளை முகம் வாடிக் கிடந்திருக்கிறது, வேறொன்றுமில்லை என்று முடிவுசெய்து எல்லோரும் முறுக்கைப் பிரித்தார்கள். உலகம்மாள் கடைசி சீட்டில் என் பக்கத்தில் இருந்தாள். பால் குடித்து முடித்த குழந்தை அவள் முகத்தோடு அவள் மடியில் தூங்கியது. அவள் கண்ணை இறுக்க மூடியிருந்தாள், உதடு எதையோ எண்ணிக்கொண்டே இருந்தது, நெத்தி, புருவம், மூக்கு என்று. எங்கேயோ ஓரிடத்தில் எண்ணிக்கை நின்றது. திரும்பத் தொடங்கினாள், திரும்பவும் அங்கேயே நின்றது. கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தாள்.

"டீச்சரக்கா, நீங்களும் பாத்தியள்லா. எனக்கு நழுவுதுக்கா. அவ வாய் எப்படி இருந்துச்சு? சொல்லுங்க, நான் பிடிச்சிக்கிடுதேன்."

நான் பார்த்தேன். அவளுக்கு அடுத்தபடியாக, மற்ற எல்லோரையும்விட அதிக நேரம், அழாத முகமாக, நான்தான் பார்த்தேன். ஆனால் பார்த்த அந்த நேரம் முழுவதும் நான் அதில் செல்வராணி எங்கேயாவது இருக்கிறாளா என்று தேடிக்கொண்டிருந்தேன். இல்லை என்று தெரிந்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. வாய் ஞாபகம் இல்லை. அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அழுகிற பெண்ணுக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று, அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன்:

"ஒன்னைய மாதிரியேதான் இருந்தா உலகு. அப்படியே ஒன் வாய்."

அவள் என் கையை விட்டாள். கோபப்படவில்லை, கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், எங்கள் தெருவில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாளே, அந்த வரிசையில் என்னையும் வைத்துப் பார்த்தாள். பிறகு மடியில் தூங்கிய குழந்தையை இரண்டு கையாலும் எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்க டீச்சரக்கா. இன்னிக்கு ஒங்களுக்குச் சரியாவே கெடைக்கல. ஒங்க தங்கச்சியப் பாத்துக்கிடுங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வீடு வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நீட்டி வாங்கிக்கொண்டேன்.